ஃபயர்வால் போடப் போன வீடுகள்

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. அதனால் எங்களை யாரும் பாராட்டுவதும் கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஃபயர்வால் விதிகள் போட்டுக் கொடுப்பது என் வேலை. இணையத்திலிருந்து எது உள்ளே வரலாம், கம்ப்யூட்டரிலிருந்து எது வெளியே போகலாம், எதை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி வைப்பேன். எழுதி முடித்ததும் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. "என்னம்மா பண்ணுன? அப்புடியேதான இருக்கு?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அப்படியே இருக்க வைப்பதுதான் என் வேலை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும்.

நீங்களும் பட்டிருப்பீர்கள். ஏதோ அவசரமாகச் செய்துகொண்டிருக்கும்போது திரையில் ஒரு பெட்டி எழும்பி, 'இந்தப் புரோகிராமை அனுமதிக்கலாமா, வேண்டாமா?' என்று கேட்கும். பக்கத்தில் யாராவது விவரமானவர்கள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பீர்கள். ஒருவரும் இருக்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஒன்றை அமுக்கிவிட்டு, அதற்கப்புறம் ஒரு வாரம் மனதுக்குள் பயந்துகொண்டிருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் நம் கூட்டம்தான். சேர்ந்தே புலம்புவோம்.

திண்டுக்கல் பேகம்பூரில் ரபீக் பாய் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்து பழுது பார்ப்பது அவர். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போவது அமலாவாகிய நான். பூட்டு ஊரில் பிறந்தவள் என்பதால் ஆரம்பத்தில் பூட்டைத்தான் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டே மாதத்தில் எனக்கே சலித்துவிட்டது. இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களே, "நம்மூரு பூட்டு மாதிரியாம்மா?" என்று கேட்டால், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். இந்த மூன்று வருடத்தில் என்னை ஆட்டிவைத்த வீடு கன்னிவாடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் இரண்டு சின்ன விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் அடை

என் முதல் வாடிக்கையாளர் நாகல் நகரில் இருந்த சுந்தரம் சார். பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இணையத்தில் ஏமாந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எது வந்தாலும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருப்பார். என்னை உட்காரவைத்து அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து காட்டினார். "ஒண்ணும் உள்ள வரக் கூடாது. ஒண்ணும் வெளிய போகக் கூடாது" என்றார். எனக்கும் தொழில் புதுசு, உற்சாகம் அதிகம். ஈமெயிலை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் அடைத்தேன். இப்படி ஒரு பாதுகாப்பான கம்ப்யூட்டர் மாவட்டத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஓசூரில் இருக்கும் மகளோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவார், அதுவும் போச்சு. கம்ப்யூட்டரின் கடிகாரம்கூட எங்கிருந்தோ நேரம் கேட்க முடியாமல் எட்டு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. எதை அடைப்பது என்று கேட்பதற்கு முன்னால், இதில் நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும் என்ற பாலபாடத்தை அன்றைக்குத்தான் படித்தேன். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். சார் கோபப்படவே இல்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பாதுகாப்புல ஒரு கொறையும் சொல்ல முடியாதும்மா. என் வீட்டுக்குள்ள நானே வர முடியல, அம்புட்டுதான்" என்றார்.

விதிக்குப் பெயர்

ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாக வைக்கும் பெயரை வாயால் உச்சரிக்க முடியாது. அதனால் அந்தந்த வீட்டுக்காரர்களையே தமிழில் பெயர் வைக்கச் சொல்லிவிடுவேன். சுந்தரம் சார் 'மகளுடன் பேச' என்று வைத்தார். இன்னொரு வீட்டில் 'பால் கணக்குப் போக' என்று ஒன்று உண்டு. ஒருநாள் எங்கள் கடைக் கம்ப்யூட்டரையே திறந்து பார்த்தேன். வெளியிலிருந்து வரும் முன்பின் தெரியாத எதையும் நிறுத்திவைக்கும் விதிதான் இருப்பதிலேயே கண்டிப்பானது. ரபீக் பாய் அதற்கு 'மாமி' என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய மனைவியின் அம்மா. ஏன் பாய் என்று கேட்டேன். சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "அமலாம்மா, நிக்காஹ் பேசப் போனப்ப மூணு தடவ வாசல்லயே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிச்சாங்க. அவங்க பேரே இருக்கட்டும். ஒரு ஈ உள்ள வராது."

கவர் பிரிக்காத நாற்காலி

இனி கன்னிவாடி. ஈஸ்வரி போன் செய்தபோதே குரலில் அவசரம் தெரிந்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டி, மலை அடிவாரத்தில் வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டிருக்கும் தோட்டத்துக்கு நடுவில் வீடு. ஈஸ்வரி பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். பிறகு எட்டு வருடம் வீடு, மாடு, தோட்டம். இப்போது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள். பயிற்சியும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது அவளுடைய கம்ப்யூட்டர் தேற வேண்டியது மட்டும்தான்.

நோயாளிகளின் விவரம் வந்து போகும் இடம் என்பதால் கம்பெனி கண்டிப்பாக இருந்தது. அவர்களுடைய புரோகிராம்களுக்கு மட்டும் வழி திறந்திருக்க வேண்டும், வேறு எதற்கும் கூடாது. அவர்கள் பக்கமிருந்து ஒரு சோதனை வரும். மூன்று முறை வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் போவதற்கு முன்பே ஒரு வாய்ப்பு போயிருந்தது. 'உங்கள் கணினியை எங்களால் அடைய முடியவில்லை' என்று பதில் வந்திருந்தது.

விதை வெங்காய மூட்டைகள் இருந்த மூலையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, மேஜை போட்டிருந்தார்கள். மேஜைக்கு முன்னால் சக்கரம் வைத்த புது நாற்காலி. ஈஸ்வரியின் கணவன் பழனிச்சாமி வேலை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் வாங்கி வந்தது. அதன் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கப்படவில்லை. ஈஸ்வரி அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பால் கறக்கும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரை அவளுடைய நெற்றிக்கு மேலே இருந்தது, அண்ணாந்து பார்த்துத்தான் தட்டச்சு செய்தாள். நான் கம்பெனியின் புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி விதி எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, "இந்தத் தடவை பாஸ்தான், நாற்காலியை எடுத்துப் போடு" என்றேன். அவள் சிரித்தாள். "ஒங்க வாக்கு பலிக்கட்டும்க்கா. வேலை கெடைக்கிற வரைக்கும் நான் முக்காலிலயே இருந்துக்குறேன்."

இரண்டாவது தடவை

என் வாக்கு பலிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, 'அடைய முடியவில்லை' என்று அதே பதில் வந்தது. ஈஸ்வரி போனில் அழவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "கடைசி சான்ஸ் வர்ற வெள்ளிக்கெழமைக்கா" என்றாள், அவ்வளவுதான். நான் கடையில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் திட்டினேன். இணைய இணைப்புக் கொடுத்தவர்களைத் திட்டினேன், மலையைத் திட்டினேன், கோயம்புத்தூரைத் திட்டினேன். என் விதியில் மட்டும் தவறே இருக்க முடியாது என்று அதைத் தாளில் எழுதிக் காட்டினேன். உண்மையில் அந்தப் பெண்ணின் எட்டு வருடத்தை நான் கெடுத்துவிடுவேனோ என்ற பயம்தான் அப்படிக் கத்தச் சொன்னது. ரபீக் பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கு டீ சொன்னார். "நீ ஊரையெல்லாம் தேடிப்புட்ட அமலாம்மா. அந்த வீட்டுக்குள்ள மட்டும் இன்னும் தேடல" என்றார்.

மாடிக்கும் கீழுக்கும் நடுவில்

அந்த வாரம் புதன்கிழமை, ஒரு பிரியாணிக்காரர் வீட்டில் வேலை. கீழே அண்ணன், மாடியில் தம்பி. கல்யாண ஆர்டர்களை யார் பேசி முடிப்பது என்பதில் சண்டை, மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. சண்டை சூடாக இருந்தபோது அண்ணன் என்னை வரவழைத்து, தம்பியின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு எழுத்துகூடத் தன் கம்ப்யூட்டருக்கு வரக் கூடாது என்று விதி போடச் சொன்னார். போட்டேன். இப்போது தம்பிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. சமையல் செய்ய அண்ணன் இல்லாமல் முடியாது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பேச்சுவார்த்தையெல்லாம் கெடையாது. ஆர்டர் லிஸ்ட் மட்டும் வரட்டும்" என்றார்.

லிஸ்ட் இருக்கும் இடத்துக்கு அனுமதி எழுதினேன். வரவில்லை. திருப்பி எழுதினேன். அப்போதும் வரவில்லை. அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தால், மூன்று மாதத்துக்கு முன்னால் நானே போட்ட 'கூடாது' அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. ஃபயர்வாலில் ஒரே விஷயத்துக்கு 'ஆகட்டும்' ஒன்றும் 'கூடாது' ஒன்றும் இருந்தால், 'கூடாது'தான் ஜெயிக்கும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே படித்தது. தலையில் இருந்தது, கைக்கு வரவில்லை. புது விதி எழுதும் அவசரத்தில் பழையதை யார் பார்க்கிறார்கள்?

விஷயத்தைப் படிக்கட்டில் நின்றிருந்த தம்பியிடம் சொன்னேன். "வீட்ல ஒருத்தரு வேணாம்னு ஒக்காந்துட்டா, ஒம்போது பேரு வேணும்னு சொல்லி என்னக்கா ஆகும்? மொதல்ல அவர எந்திரிக்க வைங்க" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். உள்ளே அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பழசையே எடுத்துருங்கம்மா. அவன்கிட்டச் சொல்ல வேணாம். அவனாத் தெரிஞ்சுக்கட்டும்."

யார் சொன்ன 'கூடாது'?

தெருவுக்கு வந்ததும் ஈஸ்வரிக்குப் போன் போட்டேன். மறுநாள் வியாழக்கிழமை காலையில் கன்னிவாடியில் இருந்தேன். இந்தத் தடவை பட்டியலை அடிவரைக்கும் இழுத்தேன். நினைத்தது சரிதான். கம்பெனியின் புரோகிராம்கள் என்று நான் சொன்னது ஒன்றிரண்டு இல்லை; உள்ளே நுழைவதற்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பில் அனுப்ப ஒன்று என்று ஏழெட்டுச் சின்னச் சின்னப் புரோகிராம்கள். அவற்றில் நான்குக்கு 'கூடாது' என்று விதி இருந்தது. நான் மேலே எழுதிய அனுமதிகள் எல்லாம் அந்த நான்கு 'கூடாது'க்குக் கீழே நசுங்கிக் கிடந்தன.

யார் போட்டது? எனக்குப் பழனிச்சாமி மேல்தான் சந்தேகம் வந்தது. மனைவி வேலைக்குப் போவதற்கு வெளியில் சிரித்துக்கொண்டு உள்ளுக்குள் முட்டுக்கட்டை போடும் ஆண்களை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். அவன் சேற்றுக் காலோடு வாசலுக்கு வந்து நின்றதும், "இதுல நீங்க கை வெச்சீங்களா?" என்று நேராகவே கேட்டேன். "அய்யய்யோ, அந்த மவுஸப் பாத்தாலே நான் நாலடி தள்ளித்தான்க்கா நிப்பேன்" என்றான். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

எந்த விதி எப்போது பிறந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். அதைத் திறந்தேன். முதல் 'கூடாது', திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பது. இரண்டாவது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று இருபது. மூன்றாவது, வெள்ளிக்கிழமை பதினொன்று ஐந்து. நான்காவது, சனிக்கிழமை ஒன்பது நாற்பது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பெரிய மேதாவி போல, "ஏதோ வைரஸ்தான். தினமும் நேரம் பார்த்து வந்துட்டுப் போகுது" என்றேன். ஈஸ்வரி தாளைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாள். பழனிச்சாமியும் காலண்டரைப் பார்த்தான். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை.

நான்கும் ராகுகாலம்.

ஈஸ்வரி மெல்லச் சொன்னாள். பயிற்சி நடந்த நாட்களில் ஒவ்வொரு புரோகிராமும் முதல்முறை திறக்கும்போது அனுமதி கேட்டதாம். நல்ல நேரத்தில் கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்துவிட்டாள். ராகுகாலத்தில் கேட்டதற்கு மட்டும் 'கேன்சல்' அழுத்தினாள். போய்விட்டு அப்புறம் வா என்ற அர்த்தத்தில்தான். இந்த வீட்டில் ராகுகாலத்தில் வெங்காய வியாபாரியே வந்து விலை கேட்டாலும், செத்த நேரம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்களே தவிர, 'சரி' என்று சொல்ல மாட்டார்கள். வியாபாரிக்கு அது புரியும், உட்காருவார். கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. ஒரு தடவை கேன்சல் என்றால் அதற்கு ஆயுசுக்கும் 'கூடாது'.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பி.காம். படித்த பெண் என்று ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் என் அம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் விளக்கு வைத்த பிறகு யார் வந்து கேட்டாலும் அம்மா வீட்டிலிருந்து உப்பு வெளியே போகாது. அதனால் வாயை மூடிக்கொண்டு நான்கு 'கூடாது'வையும், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பழைய அனுமதிகளையும் சேர்த்து அழித்தேன். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. நாளைக்குச் சோதனை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. நேரத்தை மாற்றித் தரச் சொல்லி ஈஸ்வரி கம்பெனிக்கு எழுதியிருக்கிறாள், முடியாது என்று பதில் வந்துவிட்டது.

"பத்தே முக்காலுக்குக் கேட்டாத்தான உனக்குப் பயம்? கேக்கவே விடாம பண்ணிடலாம்" என்றேன். கேள்வி வருவதற்கு முன்னாலேயே அனுமதியை எழுதி வைத்துவிட்டால் பெட்டி எழும்பாது. "நாளைக்கு ஒம்பதரைக்கு வாரேன். நல்ல நேரத்துல எல்லாத்துக்கும் நீயே உன் கையால போட்டுரு." ஈஸ்வரியின் முகம் தெளிவதற்குள் பழனிச்சாமி துள்ளிவிட்டான். "இதத்தானக்கா நாங்களும் பண்ணுவோம்! ஊருக்குப் போற அன்னைக்கி நேரம் சரியில்லன்னா, நல்ல நேரத்துலயே பையைக் கொண்டுபோயி பக்கத்து வீட்ல வெச்சிருவோம். அப்பறம் எப்ப வேணாலும் கெளம்பலாம், ஒண்ணும் பண்ணாது."

பத்தே முக்கால்

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். கம்பெனியின் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஈஸ்வரியே அனுமதி போட்டாள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். எல்லாவற்றுக்கும் 'பை 1', 'பை 2' என்றே வைத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்தே காலுக்கு முடிந்தது. பழனிச்சாமி கம்ப்யூட்டருக்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். அதில் ஒன்று கேமராவின் கண்ணிலேயே இருந்தது. முந்தானையால் அதை நான் துடைத்து முடிப்பதற்கும் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வருவதற்கும் சரியாக இருந்தது.

சோதனை நடக்கும்போது ஈஸ்வரியைத் தவிர வேறு யாரும் கேமராவில் தெரியக் கூடாது, கம்ப்யூட்டரைத் தொடவும் கூடாது. இதுவும் கம்பெனியின் நிபந்தனை. நான் அடுப்பங்கரை வாசலில் ஒதுங்கி நின்றேன். முக்காலியில் முதுகை நிமிர்த்தி ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பொறுமையாகத்தான் பேசியது. உள்ளே வந்துவிட்டோம் என்றது. கேமரா சரி என்றது. பில் போய்ச் சேர்ந்தது என்றது. எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அப்போது அந்தக் குரல், "கடைசியா ஒரு புது டூல் அனுப்புறேன் மேடம். ஸ்க்ரீன்ல அனுமதி கேக்கும், பாருங்க" என்றது.

பெட்டி எழும்பியது. அனுமதியா, கேன்சலா. மணி பதினொன்று அடிக்க எட்டு நிமிடம் இருந்தது.

புதிதாக ஒன்றை அனுப்புவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒன்றும் கேட்காது என்று நேற்று வாய் கிழியச் சொன்னவள் நான்தான். இப்போது கேமராவுக்கு முன்னால் போய்ச் சொல்லவும் முடியாது, தொடவும் முடியாது. ஈஸ்வரியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியும், இங்கே கேன்சல் அழுத்தினால் வேலை போய்விடும் என்று. ஆனால் எட்டு வருடமாக அந்த நேரத்தில் எதற்கும் 'சரி' சொல்லாத கை அது. "மேடம், இருக்கீங்களா?" என்றது குரல். ஈஸ்வரி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

தோட்டத்துக்குப் போனவன் போகவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே எட்டிக் காலண்டரை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் மனைவியைப் பார்த்தான். "பைதான் காலைலயே பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சுல்ல. கெளம்பு ஈஸ்வரி."

அழுத்திவிட்டாள்.

பன்னிரண்டு மணி

ஐந்து நிமிடத்தில் அந்தக் குரல், "எல்லாம் சரியா இருக்கு மேடம், திங்கட்கிழமை லாகின் பண்ணிடுங்க. பக்கத்துல யாரோ பை, பக்கத்து வீடுன்னு பேசினாங்களே, ஊருக்குக் கிளம்புறீங்களா?" என்று கேட்டது. இல்லை என்று ஈஸ்வரி தலையை ஆட்டினாள். அழைப்பு முடிந்ததும் முக்காலியிலேயே குனிந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் போட்ட விதிகள் ஆயிரம் இருக்கும். ஆனால் ஒரு 'ஆகட்டும்' எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பழனிச்சாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து, நாற்காலியின் பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று கிழித்தான். மேஜைக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "ஒக்காரு ஒக்காரு" என்று அவசரப்படுத்தினான். ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எழுந்தாள். நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முக்காலியிலேயே திரும்ப உட்கார்ந்து சொன்னாள்: "அது எங்கயும் போயிறாது மாமா. பன்னெண்டு அடிக்கட்டும், நல்லாச் சாஞ்சே ஒக்காந்துக்குறேன்."

இப்போதெல்லாம் புது வீட்டுக்கு வேலைக்குப் போனால், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் சுவரில் தொங்கும் காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.